புளிய மரத்துக்கு எதற்கு பைன் உருவம்?

போன்சாய் புத்தகம் எதைத் திறந்தாலும் முதலில் ஒரு பைன் மரம் நிற்கும். உச்சி கூர்மையாக, கிளைகள் அடுக்கடுக்காகக் கீழே சரிந்து, மொத்த மரமும் ஒரு முக்கோணத்துக்குள் அடங்கியிருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஜப்பானின் மலைகளில் அந்த மரம் அப்படி நிற்பதற்குக் காரணம் உண்டு. குளிர்காலம் முழுக்கக் கிளைகளின் மேல் வெண்பனி குவிந்து அமுக்குகிறது. வருஷா வருஷம் அமுங்கிய கிளை தரையைப் பார்த்தபடியே முதிர்ந்துவிடுகிறது. அங்கே இருக்கும் கலைஞன் சட்டியில் செய்வது அந்த மலையைத்தான்.

எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழிப் பனி இலையை நனைக்கும், கிளையை வளைக்காது. இங்கே மரத்தை வளைப்பவை வேறு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று. வெள்ளாட்டின் பல். புளி உலுக்க வருபவரின் கம்பு. லாரியின் மேல்பாரம். சட்டியில் மரம் வளர்க்கிற நாம் பார்க்க வேண்டியது இவற்றைத்தான் என்பது என் கட்சி. புளியையோ இச்சியையோ எடுத்து அதற்கு பைன் மரத்தின் உருவத்தைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது ஆஸ்திரேலியக்காரர்களின் யூகலிப்டஸ் போன்சாய்களைப் படங்களில் பார்த்தபோது. நமக்கு யூகலிப்டஸ் என்றால் தைல மரம். 1843-ல் நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் நட்டு, பிறகு கொடைக்கானல், மூணாறு என்று மலையெல்லாம் பரவி, கடைசியில் சமவெளியில் காகித ஆலைக்காக வரிசை வரிசையாக நின்ற மரம். ஆஸ்திரேலியாவில் அது சொந்த மரம். அந்த ஊர் போன்சாய்க்காரர்களும் ரொம்ப காலம் ஜப்பானிய மேப்பிளையும் ஜூனிப்பரையும்தான் வளர்த்தார்கள். யூகலிப்டஸ் சட்டிக்கு ஒத்துவராது என்ற பேச்சும் இருந்தது. பிறகு சிலர் துணிந்து வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு கான்பெராவில் 2013-ல் திறந்த தேசிய மரப்பூங்காவுக்குள் இருக்கும் போன்சாய்த் தொகுப்பில் அந்த நாட்டு மரங்களுக்கும் இடம் இருக்கிறது.

அவர்கள் செய்த நல்ல காரியம், தைல மரத்துக்கு முக்கோணம் போடாமல் விட்டதுதான். வயல்வெளியில் தனியாக நிற்கும் ஒரு கிழட்டு தைல மரத்தைப் பாருங்கள். கிளைகள் மேல்நோக்கி ஏறும். இலை கிளையின் நுனியில் மட்டும் கொத்தாக இருக்கும். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவே வானம் தெரியும். பட்டை உரிந்து, அடிமரம் வழவழவென்று வெள்ளையாக இருக்கும். இதையெல்லாம் அப்படியே சட்டிக்குள் கொண்டுவந்தார்கள். அந்த மரத்தின் குணத்தையும் பயன்படுத்திக்கொண்டார்கள். தைல மரத்தை அடியோடு வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்த்து வரும். நம் ஊரில் காகித ஆலைக்கு வெட்டுபவர்கள் மறுதாம்பு விடுவது இந்த நம்பிக்கையில்தான். அடிமரம் வீங்கிய இடத்திலும் பட்டைக்கு அடியிலும் தூங்கும் மொட்டுகள் அத்தனை இருக்கின்றன. எங்கே வெட்டினாலும் அதற்குக் கீழே கும்பலாகத் துளிர் வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கிள்ளிவிடலாம். ஆனால் சட்டி ஒரு நேரம் காய்ந்தால்கூட மன்னிக்காது. உச்சிக்கே எல்லா பலத்தையும் அனுப்பிவிட்டுக் கீழ்க் கிளைகளைப் பட்டினி போடும் குணமும் உண்டு. அதனால் மேலே அடிக்கடி கிள்ள வேண்டும்.

நம் ஊரில் தைல மரத்தைச் சட்டியில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வைக்கலாம், வரும். ஆனால் எனக்கு அதில் ஆசையில்லை. அவர்கள் தங்கள் மரத்துக்குச் செய்ததை நாம் நம் மரத்துக்குச் செய்யலாமே என்பதுதான் என் ஆசை.

முதலில் புளி. ஆதியில் அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று தாவரவியல் சொல்கிறது. வந்து எத்தனையோ தலைமுறை ஆகி, நம் குழம்புக்குள்ளேயே குடியேறிவிட்ட மரம். தேனி மாவட்டத்துக்கு இதில் தனிப் பெருமையும் இருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 புளி ரகம், பக்கத்தில் இருக்கும் எண்டப்புளி கிராமத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். அதே கல்லூரியின் பி.கே.எம். 1 முருங்கை ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. புளியைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

போன்சாய்க்கு ஒட்டுச்செடி வேண்டாம். சீக்கிரம் காய்க்கும் என்பது உண்மை. சட்டியில் முழங்கை உயர மரத்தில் முழு அளவுப் புளியங்காய் தொங்குவதைப் பார்க்க யாருக்கும் ஆசை வரும். மரம் குட்டையானாலும் காய் குட்டையாகாது. ஆனால் ஒட்டுப்போட்ட இடம் வயசாக வயசாகத் தடித்து, அடிமரத்தில் ஒரு முண்டு கட்டி நிற்கும். வீட்டுப் புளியில் எடுத்த கொட்டையை ராத்திரி ஊறவைத்து நட்டாலே போதும். ஆனால் நேராகச் சட்டியில் போடாதீர்கள். சட்டியில் பிறந்து சட்டியிலேயே வளர்ந்த புளி பென்சில் தடிமனிலேயே நின்றுவிடும். சில வருஷம் தரையில் விட்டு, அடி பருத்த பிறகு உயரத்தைக் குறைத்துத் தூக்க வேண்டும். நடும்போதே வேருக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்துவிட்டால் ஆணிவேர் இறங்காமல் பக்கவாட்டில் பரவும். பிறகு தூக்குவது சுலபம்.

உருவத்துக்கு வருவோம். தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய புளியைக் கூர்ந்து பாருங்கள். சாலையை அகலப்படுத்தியதில் நிறைய போய்விட்டன, இருப்பவற்றையாவது பாருங்கள். அடிமரம் ஆள் உயரத்துக்கு மேல் போகாமலே இரண்டு மூன்றாகக் கவைக்கிறது. கவைத்த கிளைகள் முதலில் மேலே ஏறி, பிறகு வெளியே வளைந்து, நுனியில் மட்டும் தொங்குகின்றன. தலை கூர்மையாக இல்லை, குவிந்த குடையாக இருக்கிறது. சாலைப் பக்கம் மட்டும் தழைக்குக் கீழே கத்தரித்த மாதிரி ஒரு வளைவு: பஸ்ஸும் லாரியும் உரசி உரசிச் செய்தது. அடியில் ஒரு பொந்து. பழைய கிளை ஒடிந்த இடத்தில் பட்டை சுருண்டு உள்ளே மூடிய வாய். புளி ஏலம் எடுத்தவர்கள் உலுக்கியதில் நுனிகள் ஒடிந்து, ஒடிந்த இடத்திலிருந்து முடிச்சு முடிச்சாகக் கிளைத்திருக்கும்.

இதில் ஒவ்வொன்றையும் சட்டியில் கொண்டுவர முடியும். கவையைத் தாழ்வாக வைக்க வேண்டும்; ஜப்பானியப் பாடத்தில் குறை என்று சொல்லும் ஒரே இடத்துக் கவை இங்கே குறையே இல்லை. பொந்தையும் வைக்கலாம். ஒரு பெரிய கிளையை அடியோடு எடுத்து, வெட்டுவாயைக் கொஞ்சம் குடைந்து விட்டால் பட்டை சுற்றி உருண்டு வந்து வாய் கட்டும். ஜூனிப்பரில் செய்வதுபோல வெளுத்த காய்ந்த கட்டையைக் காட்டுவது மட்டும் இங்கே வேண்டாம். குளிர்ந்த உலர் மலையில் செத்த கட்டை நூறு வருஷம் வெளுத்து நிற்கும். நம் ஊரில் ஒரு ஐப்பசி மழைக்கே அழுகத் தொடங்கும், மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொள்ளும். நம் மரங்கள் முதுமையைப் பொந்தில்தான் காட்டுகின்றன.

புளிக்குக் கம்பி சுற்றுவதை நான் பெரும்பாலும் தவிர்க்கிறேன். முதிர்ந்த கிளை படக்கென்று ஒடியும். இளங்கிளையில் சுற்றினால் ஒரு பருவத்துக்குள் பட்டையில் பதிந்து தழும்பாகும். சீனாவின் தெற்கே லிங்நான் பகுதியில் கம்பியே இல்லாமல் கத்தரியை மட்டும் வைத்து மரத்தை உருவாக்குகிறார்கள். ஒரு கிளையை வளரவிட்டு, வேண்டிய திசையைப் பார்க்கும் மொட்டுக்கு மேலே வெட்டுவார்கள். அங்கிருந்து புதுக்கிளை அந்தத் திசையில் போகும். அது தடித்ததும் மறுபடி வெட்டு, மறுபடி திசைமாற்றம். இப்படி வந்த கிளையில் வரும் கோணல் கம்பியால் ஒருநாளும் வராது. உலுக்கி ஒடிந்த புளிய மரத்தின் முடிச்சு முடிச்சான நுனி அப்படியே கிடைக்கும்.

கம்பத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை பந்தல் பந்தலாகத் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை முழுக்க முழுக்கக் கவாத்தில் நிற்கும் பயிர். ஒரு தோட்டம் இந்த வாரம், பக்கத்துத் தோட்டம் அடுத்த மாசம் என்று மாற்றி மாற்றிக் கவாத்து செய்வதால்தான் வருஷம் முழுக்க இந்தப் பள்ளத்தாக்கில் பழம் இருக்கிறது. எங்கள் பகுதியில் கவாத்துக்குப் போகும் பெரியவர் ஒருவர் என் புளியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கத்தரியை வாங்கி, ஒரு கொம்பை விரலால் நீவி, கணுவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, வெட்டுற இடத்தப் பாக்காத. கணு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு. அது பாக்குற பக்கந்தான் நாளைக்குக் கொடி போகும்.” லிங்நான் முறை மொத்தமும் அந்தப் பேச்சில் இருந்தது. கணுவுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டு, தண்ணீர் மொட்டின் பக்கம் வழியாமல் எதிர்ப்பக்கம் வடிகிற மாதிரி சாய்வாக வெட்டிக் காட்டினார். கத்தரியை எடுக்கும்போதெல்லாம் இப்போது என் விரல் முதலில் கணுவைத்தான் தேடுகிறது.

அடுத்தது ஆல், இச்சி வகைகள். ஆலமரத்தை எல்லாரும் ஆசைப்பட்டு வைக்கிறார்கள், ஆனால் ஆலிலை பெரிது. என்ன செய்தாலும் ஓரளவுக்கு மேல் சிறுக்காது. பெரிய சட்டியில், இடுப்புயர மரமாக வைத்தால்தான் எடுபடும். பாறைகளிலும் பழைய சுவர்களிலும் தொற்றி வளரும் சின்ன இலை இச்சிகள் சட்டிக்குப் பல மடங்கு மேல். இவற்றை எங்கே எடுப்பது என்பதில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். மேகமலைச் சாரலிலும் சுருளிப் பக்கமும் பாறையை வேரால் கவ்விப் பிடித்து நிற்கும் கல்லிச்சியைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். தொடக்கூடாது. காப்புக்காட்டில் செடி பிடுங்குவது தமிழ்நாடு வனச்சட்டம் 1882-ன்படி குற்றம்; மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகம் வேறு. சட்டம் இருக்கட்டும், அந்தச் செடியின் பழத்தை நம்பிப் பறவைகள் இருக்கின்றன.

காட்டுக்குப் போகத் தேவையும் இல்லை. ஊருக்குள் வேண்டாத இடத்தில் முளைத்த இச்சி எத்தனை! கமலைக் கிணற்றின் உள்சுவரில், மேல்நிலைத் தொட்டியின் விரிசலில், காரை வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆசிட் ஊற்றிக் கொல்கிறார்கள், அது அவர்கள் கவலை, நியாயம்தான். அதற்கு முன்னால் நாம் போய்க் கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள்.

பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் இச்சியின் வேரைப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. இரண்டு செங்கல் வரிசைக்கு நடுவே பல வருஷம் ஓடிய வேர் பட்டையாக, தோசைக்கரண்டி மாதிரி தட்டையாக இருக்கிறது. செங்கல் முடியும் இடத்தில் செங்கோணமாக மடங்கி அடுத்த வரிசைக்கு இறங்குகிறது. சுண்ணாம்புக் காரை இன்னும் சில இடுக்குகளில் ஒட்டியிருக்கிறது. அதைச் சுரண்டவில்லை. வேரை மண்ணுக்குள் புதைக்காமல் ஒரு பழைய செங்கல் துண்டோடு சேர்த்துக் கட்டி, பாதி வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன். பாறையின் மேல் மரம் என்பது ஜப்பானியப் பாணி. செங்கலின் மேல் இச்சி நம் ஊர்க் காட்சி.

எடுக்கும்போது இலை முழுவதையும் கிள்ளிவிட வேண்டும். வெட்டுவாயில் பால் வழியும். தண்ணீர் தெளித்தால் நின்றுவிடும். நிழலில் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும், இச்சிக்கு உயிர் கெட்டி. வேர் பிடித்து ஒரு வருஷம் நன்றாகத் தழைக்கவிட்ட பிறகு, வெயில் காலத் தொடக்கத்தில் காம்பை மட்டும் விட்டு இலைகளை வெட்டிவிட்டால் அடுத்து வரும் இலை சிறுத்து வரும். பலவீனமான மரத்தில் இதைச் செய்யவே கூடாது. விழுது வேண்டுமென்றால் ஈரக்காற்று வேண்டும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றில் ஈரமே இல்லை, விழுது எட்டிப்பார்த்ததும் கருகிவிடும். கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் நிலைமை தேவலை. எந்த ஊராக இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது: குளிர்பான உறிஞ்சுகுழலை நீளவாக்கில் பிளந்து, நனைத்த தென்னை நார்க்கழிவை உள்ளே அடைத்து, விழுதின் நுனியை அதற்குள் விட்டு, குழலின் மறுமுனையை மண்ணில் ஊன்றுவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்தால் விழுது மண்ணைத் தொட்டுவிடும். தொட்டபின் குழலைக் கழற்றலாம்.

வேலியில் கிடைக்கும் இன்னொரு செடியையும் சொல்லியாக வேண்டும். குருவிஞ்சி, குரங்குவெற்றிலை என்றெல்லாம் சொல்வார்கள். நுனியில் பல் வைத்த, கரும்பச்சையாய் மினுங்கும் சின்ன இலை, சின்ன வெள்ளைப் பூ, சிவந்த பழம். ஃபூகியன் டீ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போன்சாய்க் கடைகளில் விற்கும் செடி இதுதான். நம் புதர்க்காட்டில் ஆடு கடித்துக்கொண்டிருக்கும் செடியை நர்சரியில் வெளிநாட்டுச் செடி என்று நினைத்து விலைகொடுத்து வாங்குகிறோம். ஆடு கடித்த குருவிஞ்சியின் அடிமரத்தைப் பார்த்தால் எந்தக் கலைஞனும் பொறாமைப்படுவான். துளிர்க்கத் துளிர்க்கக் கடித்துக் கடித்து, சாண் உயரத்திலேயே முறுக்கேறிய கட்டையாகியிருக்கும். பட்டா நிலத்து வேலியாக இருந்தால் சொந்தக்காரரைக் கேட்டு எடுங்கள்.

குருந்தும் விளாவும்கூட அருமை. விளாவுக்கு முள், சின்னச் சின்ன இலை, கசக்கினால் மணம். குருந்தின் வெள்ளைப் பூ மாடி முழுக்க மணக்கும். இரண்டும் மெதுவாகத்தான் வரும்.

மண் விஷயத்தில் ஜப்பான் அகடாமாவுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உடைந்த செங்கலை நொறுக்கிச் சலித்து, மிளகு அளவிலிருந்து கடலை அளவுக்குள் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தூளைக் கண்டிப்பாகத் தள்ளிவிட வேண்டும், அதுதான் வடிகாலை அடைப்பது. அதோடு செம்மண், நன்றாக மக்கிய சாணி எரு. இச்சிக்குச் செங்கல் பாதிக்கு மேல், புளிக்குச் செம்மண் கொஞ்சம் கூடுதல். சட்டிக்கு மானாமதுரைக் குயவர்களிடம் அளவு சொன்னால் ஆழமில்லாத தட்டுச்சட்டி செய்துதருவார்கள். மெருகு பூசாத மண்சட்டி நம் வெயிலில் வேரைக் குளிர்ச்சியாக வைக்கும். சட்டி சீக்கிரம் காயும் என்பதால் தண்ணீரில் கவனம் வேண்டும்.

தண்ணீரில் எல்லாரும் பயப்படுவது சித்திரை வெயிலுக்கு. இந்தப் பள்ளத்தாக்கில் பயப்பட வேண்டியது ஆடிக்காற்றுக்கு. மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டித் தீர்த்த மழை இங்கே வெறுங்காற்றாக இறங்குகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். மேகமூட்டமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் மத்தியானத்துக்குள் சட்டி சாம்பலாகக் காய்ந்திருக்கும். ஆனி, ஆடி இரண்டு மாசமும் சட்டிகளைத் தரையில் இறக்கி, மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டிவிடுவது நல்லது. சட்டி உருளாமல் கம்பியால் கட்டுவதும் அவசியம்.

“ஏப்பா, வளர்ற மரத்தைச் சட்டியில போட்டு வதைக்கிறியே, பாவமில்லையா?” என்று எங்கள் தெரு அப்பத்தா ஒருவர் கேட்டார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. பட்டினி போட்டுக் குட்டையாக்கிய மரம் போன்சாய் அல்ல. அது சாகும் மரம். நல்ல போன்சாய்க்கு எரு உண்டு, வேர் வெட்டி மண் மாற்றியதும் புதுவேர் உண்டு, வருஷம் தவறாமல் தளிர் உண்டு. பங்குனியில் பழைய இலை உதிர்ந்து புளி துளிர் விடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேரில் மூன்றில் ஒரு பங்கு கழித்து நட்டால், சித்திரையில் இளஞ்சிவப்பாய்த் துளிர்த்துவிடும். சாயங்காலம் ரோட்டோரப் பெரிய மரம் இலையை மடிக்கும் அதே நேரத்தில் சட்டியில் இருப்பதும் மடிக்கிறது. அப்பத்தாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து இலை மூடுவதைப் பார்த்துவிட்டு, “தண்ணி மட்டும் மறக்காம ஊத்து” என்றார்.

நேரில் நல்ல மரங்களைப் பார்க்க வேண்டுமானால் மைசூர் தத்தபீட ஆசிரமத்தின் கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டம் இருக்கிறது. நம் நாட்டு மரங்கள் பல அங்கே முதிர்ந்து நிற்கின்றன. சென்னையில் போதி என்ற போன்சாய் சங்கம் இருக்கிறது.

எனக்கு இப்போது மனசெல்லாம் குடைவேல் மேல். உடைமரம் என்றும் சொல்வோமே, தெற்கத்திப் பொட்டலில் தலை தட்டையாக, விரித்த குடையாக நிற்குமே, அதுதான். இதற்கு எந்த ஜப்பானியப் பாணியும் உதவாது. உச்சியே இல்லாத மரம். கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்துக்கு ஏறி, அங்கே போய்ப் பரந்துவிடும். இந்த மாவட்டத்தில் ஒரு மரத்தைச் சட்டியில் வைத்து நம் நிலத்தைக் காட்ட முடியுமென்றால் அது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆணிவேரைத் தொட்டால் கோபித்துக்கொள்கிறது. நன்றாக இருந்த கிளை ஒன்று காரணமே தெரியாமல் காய்கிறது. ஆணிவேரை ஒரே தடவையில் எடுக்காமல், விதை முளைத்த சில வாரத்திலேயே இளசாகக் கிள்ளிவிட்டுத் தட்டுச்சட்டியில் பழக்கினால் தாங்குமா என்று இந்த மழைக்காலத்தில் பார்க்கப்போகிறேன். குடைவேலைச் சட்டியில் பல வருஷம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், எந்த மாசத்தில் வேர் வெட்டுகிறீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.